புரோக்கர் நானா எனக்குப் பார்த்த நல்ல இடம்

கண்டியில் தனியாக நிற்கும் எதையும் பார்த்துவிட்டுச் சும்மா போகத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் புரோக்கர் நானா. அவரைப் பேராதனைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகவே கூடாது என்பார்கள். ஒற்றையாக நிற்கும் மரத்தைக் கண்டால், பக்கத்தில் தோதாக இன்னொன்று நடக்கூடாதா என்று தோட்டக்காரரிடம் விசாரிக்க ஆரம்பித்துவிடுவாராம். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு அந்தப் பல் வைத்தியரின் தம்பிக்கு அக்குறணையில் ஒரு சம்பந்தம் பேசிவிட்டுத்தான் கதிரையை விட்டு எழுந்தார். முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் ‘நானா’வே அவருக்குப் பெயராகிவிட்டது; சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருக்குமா என்பது சந்தேகம்தான்.

கட்டுகஸ்தோட்டை வீதியில் நான் போர்டிங் இருந்த வீட்டின் கீழ்த்தட்டில், ரோட்டைப் பார்த்த அறைதான் அவருடைய ஆபீஸ். காலையில் மடவளை பஸ்ஸில் வந்து இறங்குவார். வெள்ளைத் தொப்பி, கறுப்புக் குடை, சட்டைப் பையில் மூன்று போன். ஒன்று பெண் வீட்டாருக்கு, ஒன்று மாப்பிள்ளை வீட்டாருக்கு, மூன்றாவது அவருடைய மனைவிக்கு. மூன்றாவது அடித்தால் மட்டும் எழுந்து நின்று பேசுவார்.

நானாவின் குரலுக்கு இரகசியம் பேசிப் பழக்கமில்லை. “இது நம்மளுக்குள்ள ஈக்கட்டும்” என்று அவர் ஒருவரின் காதோடு சொன்னால், எதிர்ப்பக்கத்து ஹாட்வெயார் கடைக்காரர் தலையாட்டுவார்.

அப்படிப்பட்டவரிடம் போய் என் இரகசியத்தைச் சொன்னேன் என்றால், என் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எனக்கு பைபோலர். தமிழில் இருமுனையப் பிறழ்வு என்று எழுதுகிறார்கள். அது அகராதிக்கு வந்த நோய் மாதிரி இருப்பதால் நான் பைபோலர் என்றே சொல்லிக்கொள்கிறேன். அப்போது ஓர் அச்சகத்தில் எழுத்துப்பிழை திருத்துபவளாக இருந்தேன். மனசு உச்சத்துக்கு ஏறியிருந்த ஒரு மாதத்தில், மாணவர் வழிகாட்டி நூல் ஒன்றின் சில பாடங்கள் போதாது என்று தோன்ற, நானே புதிதாக எழுதிச் சேர்த்துவிட்டேன். அதோடு நிற்காமல், கண்டிக்கு ஒரு தமிழ் நூலகம் திறக்கப்போவதாக முடிவெடுத்து, என் அறையின் கதவுக்குள் நுழையவே நுழையாத புத்தக அலுமாரிகளை வாங்கி வீட்டு முற்றத்தில் இறக்கினேன். பிறகு மனசு கீழே இறங்கியது. அலுமாரிகள் மழையில் நனைந்தன. நான் கட்டிலை விட்டு எழவில்லை.

ஆஸ்பத்திரி கிளினிக்கில் டாக்டர் நோய்க்குப் பெயர் சொன்னார், மாத்திரை தந்தார், ஒழுங்காக இரத்தம் பரிசோதிக்கச் சொன்னார். அவருக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், “மருந்து மட்டும் போதாது. பேச ஒரு ஆளும் வேணும்” என்றார். நல்ல மனிதர். ஆனால் வெளியே வரிசை வாசல்வரை நின்றது.

பேச ஓர் ஆள். கண்டியில், தமிழில். எங்கே தேடுவது, யாரிடம் கேட்பது? அச்சகத்தில் கேட்க முடியாது. புசல்லாவையில் இருந்த அம்மாவுக்கு ‘கொஞ்சம் பிரஷர்’ என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் நானா மாடிப்படியில் என்னை மறித்தார்.

“மகள், ஒங்கட ஆக்கள்லயே ஒரு நல்ல இடம் வந்தீக்கு. கம்பளை ஸ்கூல்ல மாஸ்டர். குடி இல்ல, சிகரட் இல்ல.”

“எனக்கு இப்ப மாப்பிள்ளை வேணாங்க நானா. மனசு விட்டுப் பேசுறதுக்கு ஒரு ஆள்தான் வேணும்.”

“அதத்தானே நானும் செல்றன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நானா குடையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

“மருந்து ஈக்கா?”

“இருக்கு.”

“குடிக்கிறீங்களா?”

“குடிக்கிறேன்.”

“அப்ப என்னத்துக்கு அழுகுற? ஆளத் தேடுவம்.” தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொழிலுக்கு இறங்கினார். “ஆம்பிளையா, பொம்பிளையா?”

“பொம்பளன்னா நல்லம்.”

“வயசு? என்ன பாஷை? டவுணுக்குள்ளயா, இல்லாட்டி கம்பளை வரைக்கும் போவீங்களா? மூத்தவங்க பரவாயில்லையா?” கடைசியாக, வாய் பழகிய வேகத்தில், “சீதனம் எப்படி?” என்றும் கேட்டுவிட்டார். பல வாரங்களுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

முதல் இடத்துக்கு இரண்டு பேருமே போனோம். டவுணில் மாடியறை ஒன்று, சுவரெல்லாம் சான்றிதழ். பெண் யாரும் உடனே கிடைக்கவில்லை என்று நானா கண்டுபிடித்திருந்த ஆண் உளவளத்துணையாளர் அவர். என் கதையைப் பாதிவரை கேட்டார். பிறகு, “தங்கச்சி, வயசு போகுது. ஒரு கல்யாணத்தப் பண்ணுங்க, எல்லாம் சரியாப் போயிடும்” என்றார்.

நானா எழுந்தார்.

“தொர, நான் முப்பது வருசமா கலியாணம் முடிச்சுக் குடுக்கிறவன். கலியாணம் மருந்தெண்டா, நான் இந்நேரத்துக்கு பார்மசி போட்டீப்பன்.”

அந்தக் குரலில் சொன்னதால், கீழே பேக்கரியில் பாண் வாங்க நின்றவர்களும் பயனடைந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு புது ஆளிடமும் போய் முதலிலிருந்து எல்லாவற்றையும் திறந்து காட்ட எனக்குத் தெம்பில்லை, இனி யாரிடமும் போகமாட்டேன் என்று. நானா கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார்.

“சரி. இனி மொதல்ல நான் போய்ப் பாக்குறன். நான் சரியெண்டு சென்னா மட்டும் நீங்க போங்க.”

எப்படிப் பார்ப்பார் என்று நான் கேட்கவில்லை. தரகர்களுக்கு விசாரிக்கத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். அதன்பிறகு வாரம் தவறாமல் அறிக்கை வந்தது.

“அந்த ஆள் வேணாம். ஒரு மணித்தியாலமும் அவரே பேசுறாரு. என்னையே பேச உடல்ல மகள்.” நானாவைப் பேசவிடாத மனிதர் ஒருவர் கண்டியில் இருக்கிறார் என்பதே எனக்குப் புதிய செய்தி.

“இவரும் சரிவராது. போனப் பாத்துக்கிட்டே கத கேக்குறாரு. என்ன பழக்கம் அது?” என்று சொல்லிக்கொண்டே நானா மாப்பிள்ளை வீட்டுப் போனை எடுத்தார்.

“இந்த நோனா தங்கமான மனுசி. ஆனா சிங்களம் மட்டும்தான். நீங்க சிங்களத்துல பஸ் ஏறலாம், சாமான் வாங்கலாம். அழ ஏலா.”

ஒருநாள் பின்னேரம் வீட்டுக்கார அக்கா பிளேன்டீ கொண்டுவந்து என் கட்டிலில் உட்கார்ந்தார்.

“நம்ம நானாவ நெனச்சா கவலையா இருக்கும்மா. பாவம், மனசு சரியில்லையாம். கண்டியில ஒரு டாக்டர் விடாம ஏறி எறங்குறாராம். ஒரேயடியா சந்தோசமாம், ஒரேயடியா அழுகையாம். மடவளையில எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.”

பிளேன்டீயை அப்படியே வைத்துவிட்டுக் கீழே ஓடினேன்.

“ஏன் நானா இப்படிச் செஞ்சீங்க? உங்களுக்குத்தான் நோய்னு சொன்னீங்களா?”

“வேற எப்பிடிப் பாக்குற? வெளிய நிண்டு விசாரிச்சா எல்லா மாப்பிள்ளையும் நல்லவன்தான். உள்ளுக்குப் போய் இரிந்தாத்தானே தெரியும்.”

“ஊர்ல உங்களப் பத்தி என்ன பேசுறாங்கன்னு தெரியுமா?”

“பேசட்டுமே. எனக்கு அறுவது தாண்டிட்டு. பேரப்புள்ளயும் ஈக்கு. எனக்குப் பைத்தியமெண்டு சென்னா யாரு வந்து என்ட கலியாணத்த நிப்பாட்டப் போற? ஒங்களுக்கு அப்பிடியில்ல மகள்.”

எதிர்க்கடைக்காரருக்கே கேட்கும் அந்தக் குரல், இத்தனை நாளில் ஒரு தடவைகூட என் நோயை வெளியே சொல்லவில்லை.

ஆனால் விலை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அந்த வாரம் இரண்டு வீட்டார் வந்து, ஏதேதோ காரணம் சொல்லித் தங்கள் பிள்ளைகளின் போட்டோக்களைத் திருப்பி வாங்கிப் போனார்கள். புத்தி தடுமாறியவர் பார்க்கிற சம்பந்தத்தை நம்ப முடியுமா என்று ஒருவர் வாசலிலேயே சொன்னாராம். பெண் வீட்டுப் போனும் மாப்பிள்ளை வீட்டுப் போனும் சேர்ந்தாற்போல் மௌனமாக இருந்ததை அந்த வீடு அதற்குமுன் கண்டதில்லை.

“போதும் நானா. எனக்கு யாரும் வேணாம். உங்க தொழிலப் பாருங்க” என்றேன்.

“இன்னும் ஒரு இடம் ஈக்கு. அதையும் பாத்துட்டுச் செல்றன்.”

பேராதனை வீதிப் பக்கம் புதிதாக வந்திருந்த ஓர் உளவியலாளர் அம்மா. யாழ்ப்பாணத்துக்காரர். நானா காலையில் போனவர், மத்தியானம் திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தார். மனைவியின் போன் அடித்தபோது எழுந்து நிற்கவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

“என்ன நானா, இதுவும் சரியில்லையா?”

“உள்ளுக்குப் போனன். வழமையாச் செல்றதச் சென்னன். ஏறுது, எறங்குதெண்டு. அவங்க கேட்டுக்கிட்டே இரிந்தாங்க. பொறகு, ‘ஐயா, உங்களுக்கு அந்த வருத்தம் இருக்கிற மாதிரித் தெரியேல்லை. ஆருக்காக வந்தனீங்கள்?’ எண்டு கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்ட மகளுக்கெண்டு சென்னன்.” தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். “‘ஓம், அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஆனா உங்களுக்கும் ஏதோ மனசில இருக்குப் போல’ எண்டாங்க. அவ்வளவுதான். எங்கட உம்மா மௌத்தான நேரம் நான் கொழும்புல ஒரு கலியாணப் பேச்சுல இரிந்தன். வந்து கடைசியா மொகம் பாக்கக் கெடைக்கல்ல. அத இண்டைக்குத்தான் மகள் வாய் தொறந்து சென்னன். அழுதுட்டன்.”

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய குரலில், “இடம் சரி. முடிச்சிடலாம்” என்றார்.

அடுத்த வாரம் நான் போனேன். “வாங்கோ, இருங்கோ” என்றார் அந்த அம்மா. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அலுமாரிக் கதையில் தொடங்கினேன். கதவுக்குள் நுழையாத இடத்தில் அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்தபோது அழுதுகொண்டிருந்தேன். என் தமிழுக்கும் அவருடைய தமிழுக்கும் நடுவில் ஒரு நாட்டின் பாதித் தூரம் இருந்தும், ஒரு சொல்லைக்கூட நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நோய் போய்விடவில்லை, அது போகிற நோயும் இல்லை. மாத்திரையும் கிளினிக்கும் தொடர்ந்தன. ஆனால் ஏறப்போவது முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தது. தூக்கம் குறைந்தாலோ, வாங்கும் ஆசை கூடினாலோ, காரணமில்லாமல் உற்சாகம் பொங்கினாலோ கவனிக்க நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும் என்றார் அந்த அம்மா. நான் நானாவைச் சொன்னேன். அது பெரிய தவறு. அதன்பிறகு அவர் நகைச்சுவை சொல்லி நான் சிரித்தாலும் சந்தேகமாகப் பார்ப்பார்.

“மகள், இது நோயா, ஜோக்கா?”

“ஜோக்தான் நானா.”

“சரி, அப்ப சிரிங்க.”

நானாவின் தொழிலைப் பற்றிக் கவலைப்பட்டேன் அல்லவா? ஒருநாள் காலையில் ஒரு தாயும் தகப்பனும் அவர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்கள். சாத்தி என்ன பயன், மாடியில் எனக்கு எல்லாம் கேட்டது. அவர்களின் மகனும் இதே மாதிரி மருந்து குடிப்பவனாம். மறைத்துக் கல்யாணம் முடிக்க அவர்களுக்கு விருப்பமில்லை. “நானா அனுபவப்பட்டவரெண்டு கேள்விப்பட்டுத்தான் வந்தோம்” என்றார் அந்தத் தாய்.

நான் மாடிப்படியோரம் வந்து நின்றேன். தனக்கு நோயில்லை என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்குக் கிடைத்திருக்காது.

“மாஷா அல்லாஹ்” என்றார் நானா. “செல்ற நேரத்துக்கு மருந்து குடிக்கிற மாப்பிள்ளையா? செல்ற நேரத்துக்கு ஊட்டுக்கே வராத மாப்பிள்ளைகளுக்கு நான் முடிச்சு வெச்சீக்கிறன். எல்லாத்தையும் மொதல்லயே செல்லி, தெரிஞ்சு ஒப்புக்கொள்ற பொண்ணாப் பாப்பம்.”

பார்த்தார். மடவளையில் நடந்த அந்தக் கல்யாணத்தில் நானும் சஹனில் உட்கார்ந்து நான்கு பெண்களோடு ஒரே தட்டில் புரியாணி சாப்பிட்டேன். அதன்பின் அப்படி எத்தனையோ பேர் தேடி வந்தார்கள், போட்டோவைத் திருப்பி வாங்கிப் போன ஒரு வீட்டார் உட்பட.

இப்போது நான் அந்த வீட்டில் இல்லை. ஹந்தானைப் பக்கம் சின்னதாக ஓர் இடம் எடுத்து, இந்தப் பத்திகளை எழுதிக்கொண்டு இருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நானா போன் எடுப்பார். வணக்கம், நலமா ஒன்றும் கிடையாது.

“என்ன மகள், மேலயா, கீழயா?”

“நடுவுலதான் நானா.”

“அல்ஹம்துலில்லாஹ்.” வைத்துவிடுவார்.

அந்த அழைப்பு வரும்வரை நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருவதில்லை.