இரண்டு பல்செட்டும் ஒரு காலி அறையும்

என் மரியாதைக்குரிய அக்கா ஃபிலோமினாவுக்கு, பூட்டில் ஊரிலிருந்து உன் தம்பி டெரன்ஸ் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுதுவது. இங்கே நானும் பூனையும் சுகம். உன் சுகத்தைக் கேட்க எனக்கு முகமில்லை. பதில் சொல்ல உனக்குப் பல்லில்லை. உன் பல்செட்டைப் பஞ்சில் சுற்றி இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். பார்த்துப் பிரி.

அன்றைக்கு நடந்ததை உனக்கே எழுதுவது வெட்கக்கேடுதான். ஆனால் எனக்கு என்ன பயம் இருந்தது என்று உனக்குத் தெரியாது. பர்க்கன்ஹெட்டில் உன் வீட்டுக் கூரை விழுந்து, ஒற்றைப் பெட்டியோடு நீ வந்து நின்றபோது பின்னறையை ஒழித்துக் கொடுத்தவன் நான்தான், அதை மட்டும் மறந்துவிடாதே. உன் முதியோர் உதவித்தொகையில் நீ மீன் வாங்கிப் பொரித்தாய், நானும் கூச்சமில்லாமல் தின்றேன். ஆனால் முட்டி தேய்ந்து துறைமுக வேலை போன நாளிலிருந்து என் வாடகையில் முக்கால்வாசி அரசாங்கம் கட்டுவது. வீட்டில் இன்னொரு பெரிய ஆள் தங்கினால், "அவரும் வாடகையில் பங்கு கொடுப்பாரே" என்று அந்த உதவியில் வெட்டிவிடுவார்கள் என்று மதுக்கடையில் எல்லாரும் சொன்னார்கள். வெட்டினால் வீடு போச்சு. அந்தப் பயத்தில் நான் தூங்காமல் கிடக்கும்போதுதான் வாடகை உதவியைச் சரிபார்க்க நகராட்சியிலிருந்து அந்த டெலித் பெண் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டினாள். நீயோ பல்லைக் கழற்றி பாத்ரூம் டம்ளரில் போட்டுவிட்டு, செருப்பும் கவுனுமாய்க் கூடத்தில் தலை சீவிக்கொண்டிருந்தாய்.

"இவங்க யாரு டெரன்ஸ்?" என்றாள்.

வாயில் வந்ததைச் சொன்னேன். "மாதா கோயில்லேர்ந்து வந்திருக்காங்க மேடம். எனக்காக ஜெபம் பண்ண."

"காலங்காத்தாலயா?"

"எனக்குப் பாவம் ஜாஸ்தி மேடம்."

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அப்புறம், ஐயோ, அந்த இடுப்பை வைத்துக்கொண்டு மண்டி போட்டாய். "ஆண்டவரே, இந்த வெக்கங்கெட்ட பயல மன்னியும். ஒரே தொட்டில்ல கெடந்தவளத் தெரியாதுங்கிறான். இவன் நாக்க நீரே பாத்துக்கும்!" பல்லில்லாத வாயில் பாதி காற்றாய்ப் போனது. டெலித் அதை லத்தீன் என்று நினைத்து பக்தியோடு "ஆமென்" சொன்னாள். எனக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

அதோடு விட்டாளா? பாத்ரூமுக்குப் போனாள். "டெரன்ஸ், இந்தப் பல்லு யாரோடது?" என்னோடது என்றேன். "உங்க வாயிலதான் ஒரு செட் இருக்கே?" "அது ஞாயித்துக்கிழமைக்கு மேடம்." அடுப்பில் நீ வைத்த ஸ்கௌஸ் கறிக்குழம்பு ஒரு தெருவுக்கே போதும், அதையும் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். எல்லாம் எனக்கே என்று நிரூபிக்க அவள் கண்ணெதிரில் மூன்று கிண்ணம் தின்றேன். அப்போது நீ எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, "வரேன் சார்" என்றாய்.

சார்! என் மூக்கைத் துடைத்துவிட்டு வளர்த்தவள் என்னை சார் என்கிறாள், நானும் "நன்றிங்க" என்று தலையாட்டுகிறேன். வெளியே மழை. மூலையில் பேருந்து நிறுத்தத்தில் நிற்பாய், அவளை அனுப்பிவிட்டு வந்து கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பாவி மகள் இன்னொரு டீ கேட்டாள். குடையை எடுத்துக்கொண்டு நான் ஓடி வந்தபோது உன்னை ஏற்றிக்கொண்டு பேருந்து போய்விட்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன் அக்கா. குடையை விரிக்கக்கூடத் தோன்றவில்லை.

உன்னை யாரோ என்று சொன்ன வாய் இது. மன்னிப்புக் கேட்க இதற்கு யோக்கியதை இல்லை. இந்த வீட்டு வாசலை நீ இனி மிதிக்க வேண்டாம், மிதிக்கச் சொல்ல நான் யார்? விழுந்த வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கிறாய், மாதா உன் மிச்சக் கூரையைத் தாங்கட்டும், உன் இடுப்பைத் தேற்றட்டும். பூனை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது.

தலை நிமிராத தம்பி,
டெரன்ஸ் மோலினோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது தபால் வந்தது. வாடகை உதவியைச் சீர்திருத்திவிட்டார்களாம். ஏப்ரலிலிருந்து வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தால் அதற்கும் வெட்டு! நகராட்சிக்கு ஓடினேன். "ஆளிருந்தா வெட்டு, ஆளில்லாட்டியும் வெட்டு. அந்த ரூம்ல நான் என்னத்தம்மா வைக்கிறது?" என்றேன்.

"சட்டத்த நான் எழுதல டெரன்ஸ்," என்றாள் டெலித். "முதியோர் உதவி வாங்குற சொந்தக்காரங்க கூட இருந்தா ரெண்டு வெட்டுமே கிடையாது. முன்னாடியும் கிடையாது."

முன்னாடியும் கிடையாதாம், அக்கா! அன்றைக்கு "இது என் அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமாம். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்கச் சொல்லிவிட்டேன்: "அன்னிக்கு ஜெபம் பண்ணினது என் கூடப்பொறந்தவம்மா."

"தெரியும்," என்றாள். "ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. நீங்களா சொல்லுவீங்களான்னுதான் ரெண்டாவது டீ கேட்டேன்."

வந்துவிடு அக்கா. அறைக்காகக் கூப்பிடுகிறான் என்று நினைப்பாய். பாதி அதற்காகவும்தான், பொய் சொல்லி ஆயிற்று, இனி முடியாது. பல்லைப் பார்சலிலிருந்து திரும்ப எடுத்துவிட்டேன். பார்சலில் பஞ்சும், நீ கடிக்காமல் கரைத்துத் தின்னக்கூடிய பிஸ்கட்டும்தான் இருக்கின்றன. பல் அதே டம்ளரில் இருக்கிறது. நீ போன நாளிலிருந்து தினமும் தண்ணீர் மாற்றுகிறேன்.