வயர் இல்லாத டெலிபோன்

யட்டவத்தப் பக்கத்துத் தோட்டங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும், டெலிபோன் அண்ணனைப் போலப் பெரிய வாழ்க்கை வாழ்ந்தவர் யாரும் இல்லை. அவ்வளவும் ஏழு போட்டோக்களில் நடந்தது.

நிஜத்தில் அவர் எங்கள் லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், கடைசிக் காம்பராக்காரர். கொக்கோக் காய் உடைப்பவர். ஒரு சம்பள நாளில் மாத்தளை டவுன் ஸ்டூடியோவுக்குப் போய், அருவித் திரைக்கு முன்னால், பிளாஸ்டிக் பூவுக்குப் பக்கத்தில், அங்கிருந்த கறுப்பு டெலிபோனைக் காதில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு வந்த பெயர் அது. டெலிபோனுக்கு வயர் கிடையாது. அதன் பிறகு இரவல் கோட்டோடு ஒரு படம், தோட்டத்துக் கிளாக்கர் ஐயாவின் மோட்டார் சைக்கிளோடு ஒரு படம், துரை பங்களா நாயோடு ஒரு படம். அதில் அவரும் நாயும் ஒரே பக்கம் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் துரை வந்துகொண்டிருந்தார்.

முப்பத்தாறு வயது. மூன்று இடத்தில் பெண் பார்த்து மூன்றும் தட்டிப்போயின. தரகர் மூலம் மாத்தளைக்கு அந்தப் பக்கம் நாலாவது இடம் வந்தது.

"இதுவும் போச்சுன்னா இனி நான் எங்கயும் போகமாட்டேன் தம்பி" என்றார். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுத்தில் பொய் வரக்கூடாது என்பதில் கறாராக இருந்தேன். அவர் ஆபீஸ்காரர் தோரணையில் "கந்தோரில் நான்" என்றார்; "இது ஸ்டூடியோ டெலிபோன்" என்று எழுதினேன். "என் மோட்டார் சைக்கிள்" என்றார்; "கிளாக்கர் ஐயாவுடையது, இவருக்கு ஓட்டத் தெரியாது" என்று எழுதினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. கையெழுத்தைப் பார்த்துப் பூரித்து, எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

பெண் வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார். அங்கே ஏழு படத்தையும் பாயில் வரிசையாகப் பரப்பி, பெண்ணின் அப்பாவுக்குத் தன் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினார். கண்டியிலிருந்து தனக்கு டெலிபோன் கோல் வந்த இடத்துக்கு வரும்போது, தேத்தண்ணி கொண்டுவந்த பெண் குனிந்து ஒரு படத்தை எடுத்தார். திருப்பினார். வாசித்தார். பெண் வாசிக்கத் தெரிந்தவர் என்று தரகர் சொல்லவே இல்லை. ஏழு படத்தையும் வாசித்து முடித்தார்.

"இத எழுதினது யாருங்க?"

"நம்ம தம்பிதான்" என்றார் அண்ணன் பெருமையாக. "நான் சொன்னத அப்படியே எழுதியிருக்கான்."

பெண் உள்ளே போய்விட்டார். நான் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்தேன்.

திரும்பி வந்தார். கையில் தன்னுடைய போட்டோ. பெண் கேட்டு வருகிறவர்களுக்குக் காட்ட எடுத்ததாம். அதே அருவித் திரை, அதே பிளாஸ்டிக் பூ, காதில் அதே கறுப்பு டெலிபோன்.

அண்ணன் தன் டெலிபோன் படத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"நானும் ரொம்ப நேரம் அலோ அலோன்னேங்க" என்றார் அந்தப் பெண். "ஒருத்தரும் பேசல. அந்தப் பக்கம் நீங்கதானா?"

கல்யாணத்துக்கு முன்பே அண்ணி ஏழு படத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டார். ஒரு வாரம் அண்ணன் எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. பிறகு கல்யாணப் படத்தோடு வந்து நின்றார். கோட்டு இல்லை, சொந்தச் சட்டை. பக்கத்தில் அண்ணி, நடுவில் டெலிபோன்.

"இதுலயும் நீ உண்மையத்தான் எழுதுவ" என்றார். "எழுதித் தொலை."

பின்னால் வந்த கலவரத்தில் ஸ்டூடியோ எரிந்தது. லயத்தை விட்டு ஓடியபோது அண்ணி மடியில் கட்டி எடுத்தது அந்த ஒரு படத்தைத்தான். போன மாதம் அதை மறுபடி திருப்பிப் பார்த்தேன். மை மங்கிவிட்டது, என் எழுத்துத்தான்.

"டெலிபோன் மட்டும் இரவல்."