கொடுத்து வைத்த வகுப்பு

"ஒரு வகுப்பு மொத்தமும் பூஜ்யம் வாங்கணும்னா நீங்க எவ்வளவு உழைச்சிருக்கணும் டீச்சர்?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

சமூக அறிவியல் டீச்சர் விடைத்தாள் கட்டை அணைத்துக்கொண்டு நின்றாள்.

"மொத்தமும் இல்ல மேடம். ஒரு பொண்ணு முழு மார்க்."

"யாரு?"

"என் பொண்ணுதான். எல்லாம் வீட்டுல சொல்லிச் சொல்லி வளர்த்தது."

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். "உங்க பொண்ணு ஒருத்திக்காகப் பள்ளிக்கூடம் நடத்த முடியாது. தலைவர் வர்றதுக்குள்ள மத்தவங்களும் உணர்ந்தாகணும்."

இந்த வம்பு தலைவரால் வந்தது. பள்ளி நிர்வாகத் தலைவர் எங்கோ ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தவர், தங்களுக்குச் சும்மா கிடைத்த வசதிகளைப் பிள்ளைகள் உணர வேண்டும் என்று சொல்லி, 'நாம் கொடுத்து வைத்தவை' என்றொரு பாடத்தையே தொடங்கிவிட்டார். பரீட்சை உண்டு, மார்க்கும் உண்டு. யார் நடத்துவது என்று கேட்டபோது கணக்கு சாருக்குப் பாடம் முடியாமல் கிடந்தது. அறிவியல் டீச்சருக்குத் தொண்டை கட்டியது. விளையாட்டு சாருக்கு முழங்கால் வலித்தது. தற்காலிகமாக வேலை பார்ப்பவளுக்கு எந்த வலியும் வரக்கூடாது என்பதால் பாடம் இவள் தலையில் விழுந்தது.

பருவ முடிவில் தலைவர் நேரில் வந்து வகுப்பைப் பார்ப்பார். பிடித்திருந்தால் அங்கேயே வேலை நிரந்தரமாகும். பிடிக்காவிட்டால் அடுத்த பருவத்துக்கு வேறு ஆள். இவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் நிரந்தரமாகி, நாற்காலிக்கு மெத்தை வாங்கிப் போட்டு உட்கார்ந்தாகிவிட்டது. விளையாட்டு சார் சேர்ந்த சூட்டிலேயே நிரந்தரமானார். அவர் தலைவருடைய மனைவியின் தங்கை மகன். அதை நினைக்கும்போதெல்லாம் டீச்சருக்கு வயிறு எரியும். 'எனக்குன்னு தூக்கிவிட யாரு இருக்கா?' என்று ஆசிரியர் அறையில் அவள் புலம்பாத நாள் இல்லை.

கேள்வி எளிமையானதுதான். 'உங்கள் உழைப்பு கொஞ்சமும் இல்லாமல் உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஐந்து வசதிகளை எழுதுக.' பிள்ளைகள் ரோஷப்பட்டுவிட்டார்கள். உழைக்காமல் எதுவும் கிடைக்காது என்று போன வருஷம் பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடுத்தவளே இந்த டீச்சர்தான். பல் டாக்டர் மகன், 'எதுவும் இல்லை. கார் கதவைக்கூட நானேதான் திறக்கிறேன்' என்று எழுதி, 'நானேதான்' என்பதற்கு அடிக்கோடு போட்டிருந்தான். இன்னொருத்தி, 'எனக்குத் தனி அறை உண்டு. ஆனால் அதில் நான் தனியாக இருக்க வேண்டியிருக்கிறது' என்று கண்ணீர் வடித்திருந்தாள்.

டீச்சர் கரும்பலகையில் உதாரணங்கள் எழுதிப் போட்டாள். தனி அறை. படிக்க மேஜை. பள்ளிக்குக் காரில் வருவது. வீட்டில் சந்தேகம் கேட்க ஆள் இருப்பது. நீச்சல் வகுப்பு.

"இந்த மாதிரி யோசிங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது. அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஆசிரியர் அறை வாசலில் தையல்காரர் நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கடைசி பெஞ்சில் உட்காரும் பெண்ணின் அப்பா. அவருக்குக் கடையும் வீடும் ஒரே அறை.

"டீச்சர், தனி ரூம் இல்லன்னா ஃபெயிலா?"

"யாருங்க சொன்னா?"

"பொண்ணுதான். நேத்துலேர்ந்து கட்டிங் டேபிளச் சுத்தி லைனிங் துணியக் கட்டிட்டு, இதுதான் என் ரூம்னு உள்ள உக்காந்திருக்கா. நான் கத்திரிக்கோல் எடுக்கணும்னாக்கூடக் கதவத் தட்டிட்டு வரணுமாம். கதவே இல்ல டீச்சர்! எதத் தட்டுறது?"

அவரை அனுப்பிவைத்துவிட்டுத் திரும்பினால் ஓர் அம்மா நின்றாள்.

"டீச்சர், லிஸ்ட்ல நாலு வாங்கியாச்சு. காருக்குத்தான் லோன் கேட்டிருக்கோம், இழுத்தடிக்கிறாங்க. வாடகைக் காருன்னு எழுதினா அரை மார்க்காவது போடுவீங்களா?"

"அம்மா, இது வாங்கச் சொல்லி எழுதின லிஸ்ட் இல்ல. இருக்கறத உணரச் சொன்னது!"

"வாங்கினாத்தானே டீச்சர் உணர முடியும்?"

டீச்சருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் திரும்பவும் பரீட்சை. முந்தின ராத்திரி சாப்பாட்டு மேஜையிலும் அவளுக்கு இதே புலம்பல்தான். கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே 'உம்' கொட்டினார். மகள் தூக்கக் கலக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏய், தூங்காத. இதுக்குப் பதில் சொல்லு. வீட்டுல சந்தேகம் கேட்க ஆள் இல்லாத பிள்ளை எப்படியெல்லாம் கஷ்டப்படும்?"

"அவள நிம்மதியா சாப்பிடத்தான் விடேன்" என்றார் கணவர்.

"கேள்வி கஷ்டமா, சுலபமான்னு நான் யார்கிட்ட கேட்டுப் பாக்குறது? உங்ககிட்டயா? சட்டை எங்க இருக்குன்னு கேட்டாலே உங்களுக்குப் பதில் தெரியாது."

கணவர் மறுபடியும் 'உம்' கொட்டப் போய்விட்டார். மகள் ஏதோ சொன்னாள். டீச்சர் அதைக் கொஞ்சம் திருத்தினாள். மனசு லேசானது. இவ்வளவு பொறுப்பாகப் பாடம் நடத்துகிறவளைத் தற்காலிகத்தில் வைத்திருக்கிறார்களே என்று மறுபடியும் ஆற்றாமை வந்தது.

அந்தப் பரீட்சையிலும் மகள்தான் முதல். மற்றவர்கள் கரும்பலகையில் இருந்ததை வரி மாறாமல் எழுதி மார்க்கைக் கோட்டைவிட்டிருந்தார்கள். லாரி டிரைவர் மகன், 'எனக்கு இரண்டு தனி அறைகள் உள்ளன' என்று ஒரு அறையைக் கூடப் போட்டிருந்தான். முழு மார்க்குக்கு மேல் கிடைக்குமா என்ற நப்பாசை.

டீச்சர் ஒரு முடிவுக்கு வந்தாள். வகுப்பில் மேஜையைத் தட்டினாள்.

"எல்லாரும் கவனிங்க. வசதி இருந்தாத்தான் மார்க்குன்னு இல்ல. இல்லாதவங்க எவ்வளவு தாண்டி வந்திருக்காங்கன்னு மத்தவங்க தெரிஞ்சுக்கணும். அதனால இல்லாததையும் எழுதலாம். அதுக்கும் மார்க் உண்டு."

இதை அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஊரே இரண்டு நாளில் ஏழையாகிவிட்டது.

பல் டாக்டர் காரை அடுத்த தெருவிலேயே நிறுத்திவிட்டு மகனை நடத்திக் கூட்டிவந்தார். மகனுடைய புது ஷூ விரல் தெரியக் கிழிந்திருந்தது.

"நானே பண்ணினேன் டீச்சர். இவ்வளவு போதுமா, இன்னும் கொஞ்சம் ஓப்பன் பண்ணணுமா?"

"டாக்டர், எதுக்குங்க இதெல்லாம்?"

"போன தடவை வசதிய எழுதி மார்க் போச்சே. இந்தத் தடவை ரிஸ்க் எடுக்க முடியாது."

தண்ணீர் பாட்டிலுக்குப் பதில் சிலர் கையை வீசிக்கொண்டு வந்து, பக்கத்து பெஞ்சில் வாங்கிக் குடித்தார்கள். காலையில் சாப்பிடவில்லை என்று ஒருத்தி சொல்ல, நான் நேற்றே சாப்பிடவில்லை என்று இன்னொருத்தி சொல்ல, நான் போன வாரம் என்று ஒருவன் ஆரம்பித்தான். மணியடித்ததும் மூன்று பேரும் அடுக்கு டப்பாவைத் திறந்து வெளுத்துக் கட்டினார்கள்.

தையல்காரர் மறுபடியும் வந்தார். இந்த முறை அவருக்குக் கோபமா குழப்பமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"டீச்சர், பெரிய வீட்டுப் பசங்களோட புதுச் சட்டையெல்லாம் கடைக்கு வருது. ஒட்டுப் போட்டுக் கொடுக்கணுமாம். துணிக்கு மேட்சா இல்லாம, தூரத்துலேர்ந்தே பளிச்சுன்னு தெரியற மாதிரி வேணுமாம். தச்சுக் கொடுத்துட்டேன். அது தொழில். ஆனா எங்க பொண்ணு சட்டையில நெஜமாவே ஒட்டு இருக்கு. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நூல் நூலா எடுத்துத் தச்சது. இப்ப அது தெரியலன்னு அவளுக்கு மார்க் கொறஞ்சுடுச்சாம். பிரிச்சிட்டுக் கோணலாத் தைக்கவா?"

அந்தச் சட்டையை டீச்சர் தினமும் பார்க்கிறாள். ஒட்டு இருப்பது அவளுக்கும் தெரியாது.

"வேணாங்க. பிரிக்காதீங்க. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்வதற்கு அவளிடம் வழி ஒன்றும் இல்லை. தலைமையாசிரியையிடம் போய், "மேடம், மார்க் போடற வரைக்கும் இது உருப்படாது. மார்க்கை எடுத்துடலாம்" என்றாள்.

"எடுத்துட்டா எவன் படிப்பான்?" என்றார் தலைமையாசிரியை. "அதுவும் தலைவர் அடுத்த வாரமே வர்றார். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்னு ஒரு வசதிய உணரணும். முடிஞ்சா கொஞ்சம் கண் கலங்கணும். ஏற்பாடு பண்ணுங்க."

ஏற்பாடு பண்ணினாள். வேறு கதி? இன்னாருக்கு இன்ன வசதி என்று அவளே எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னாள். கணக்கு சார் வாய்ப்பை விடவில்லை. பாடம் முடியாமல் கிடந்த அதே மனிதர், மாலை நேரத்தில் 'உணர்தல்' ட்யூஷன் ஆரம்பித்துவிட்டார். சேர முடிந்தவர்கள் அங்கே அழவும் கற்றுக்கொண்டார்கள். சேர முடியாதவர்கள் அழாமலேயே உணர வேண்டியதாயிற்று.

இத்தனை அமர்க்களத்திலும் மகள் மட்டும் ஒரு பரீட்சையிலும் சறுக்கவில்லை. வசதியைக் கேட்டாலும் முதல், இல்லாமையைக் கேட்டாலும் முதல். "எந்தப் பக்கம் திருப்பிக் கேட்டாலும் டாண்ணு எழுதறா. எல்லாம் கஷ்டம் தெரிஞ்சு வளர்ந்த பொண்ணு" என்று டீச்சர் அறிவியல் டீச்சரிடம் சொல்லிக்கொண்டாள். அறிவியல் டீச்சருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

தலைவர் வந்தார். மின்விசிறிக்கு நேர் கீழே அவருக்கு நாற்காலி. பக்கத்தில் தலைமையாசிரியை, கையில் ஒரு கவர். உள்ளே நிரந்தர உத்தரவு இருக்கிறது, கையெழுத்துதான் பாக்கி என்று டீச்சருக்குத் தெரியும். அதனால் அவளுக்குத் தலைவர் முகம் தெரியவில்லை, கவர்தான் தெரிந்தது.

பல் டாக்டர் மகன் எழுந்தான். "எனக்குக் கார் இருக்கிறது என்பதை உணர்கிறேன்" என்று ஆரம்பித்தவன், ட்யூஷனில் சொன்னதைவிட நன்றாகவே அழத் தொடங்கி நிறுத்த முடியாமல் தவித்தான். இரண்டு பேர் சேர்ந்து அவனை உட்கார வைத்தார்கள். அடுத்தவனும் கார் என்றான். அதற்கடுத்தவளும் கார். தலைவர் கொட்டாவியை விரலால் மறைத்தார்.

தையல்காரர் மகள் எழுந்தாள். "எனக்குத் தனி அறை இருக்கிறது என்பதை உணர்கிறேன்."

"ரூம் எவ்வளவு பெருசும்மா?" என்று தலைவர் ஒப்புக்குக் கேட்டார்.

அது எழுதிக் கொடுத்ததில் இல்லை. அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள்.

"கஸ்டமர் இல்லாதப்ப பெருசு சார்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிரிப்பில் கலந்துகொள்ளாமல் தலைவர் டீச்சரைப் பார்த்தார்.

"எல்லாமே மனப்பாடம் மாதிரி இருக்கே டீச்சர். நான் இதுக்கா இந்தப் பாடத்தக் கொண்டுவந்தேன்? நெஜமா உணர்ந்து சொல்ல ஒரு பிள்ளை கூடவா இல்ல?"

தலைமையாசிரியை கவரை மெதுவாகக் கைப்பைக்குள் நகர்த்துவது டீச்சருக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமும் கண் முன்னால் அந்தப் பைக்குள் போய்க்கொண்டிருந்தது. இனி ஒருத்தியைத்தான் நம்ப முடியும்.

"இருக்கா சார். எல்லாப் பரீட்சையிலயும் முதல் மார்க். இவளுக்கு மட்டும் நான் ஒரு வரி கூட எழுதிக் கொடுக்கல" என்று மகளை எழுப்பினாள்.

மகள் எழுந்து நின்றாள்.

"சொல்லும்மா" என்றார் தலைவர்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அம்மா என்று கூப்பிடக் கூடாது என்பது வீட்டு உத்தரவு. "நெஜத்தையே சொல்லணுமா டீச்சர்?"

"நெஜத்தைத்தாம்மா சொல்லணும். இந்தப் பாடமே அதுக்குத்தானே? பயப்படாம சொல்லு. நீ கொஞ்சம் கூட உழைக்காம, உனக்குச் சும்மா கிடைச்சது என்ன?"

கைப்பைக்குள் போன கவர் பாதியில் நின்றது. தலைவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். டீச்சர் பெருமையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மகள் சொன்னாள்:

"ஒவ்வொரு பரீட்சைக்கும் முந்தின நாள், கேள்வி பதில் எல்லாம் எங்க வீட்டு சாப்பாட்டு மேஜையிலயே எனக்கு ஒரு தடவை முடிஞ்சிடும் சார்; மத்த பிள்ளைங்களுக்கு இவங்க வெறும் டீச்சர் மட்டும்தானே, பாவம்."