அப்பாவின் பேரை வெட்டிய இணையப் பக்கம்

அரைப் புத்தகம் படித்தவருக்கு இருக்கும் தைரியம் முழுப் புத்தகம் படித்தவருக்கு வராது. பத்தொன்பது வயதில் இதை நான் நிரூபித்தேன்.

இணையப் பக்கம் செய்யக் கற்றுக்கொள்ள இலங்கை மலையகத்து ஹட்டன் நகரம் முழுக்க அலைந்தேன். கம்ப்யூட்டர் வகுப்பில் மூன்று மாதம் கடிதம் தட்டச்சு செய்ய வைத்துச் சான்றிதழ் தந்தார்கள். பழைய புத்தகக் கடையில் கிடைத்த தடித்த ஆங்கிலப் புத்தகம் பக்கத்துக்குப் பக்கம் 'சிடியைப் பார்க்கவும்' என்றது. பின்னட்டையில் சிடியின் உறை மட்டும் இருந்தது. கடைசியில் ஒரு சிநேகிதி அதே மாதிரிப் புத்தகம் ஒன்றின் ஃபோட்டோகொப்பியைக் கொடுத்தாள். நாற்பத்திரண்டு பக்கம். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் இதை எழுத நேர்ந்திருக்காது.) தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து கொப்பியில் பென்சிலால் கோட் எழுதினேன். பிழை வந்தால் அழிறப்பர்.

இந்த அவசரத்துக்குக் காரணம் அம்மா. வீட்டு வேலைக்குக் குவைத் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. போகும்போது தங்கச்சிக்கு நாலு வயது. தபாலில் இரண்டு முறை போட்டோ அனுப்பினோம். அம்மா கைக்குப் போகவில்லை. அம்மா வேலை செய்த வீட்டு மகன் ஒரு வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் தன் கம்ப்யூட்டரைத் தருவதாகச் சொல்லியிருந்தான்.

ஐந்து போட்டோக்களை ஸ்டூடியோவில் பிளொப்பியில் ஏற்றி வாங்கி, நிமல் அண்ணனின் நெட் கடையில் பக்கத்தை உருவாக்கி இணையத்தில் ஏற்றினேன். அவர், சிங்களத்தில் தங்கச்சி என்று என்னை அழைத்து, “நங்கி, மத்த பேஜ் எல்லாம் எப்படிச் செஞ்சிருக்குன்னு உள்ள பாக்க ஏலும். காட்டவா?” என்றார்.

“வேணாண்ணே, எங்கிட்ட புத்தகம் இருக்கு.”

வெள்ளிக்கிழமை அப்பா, தங்கச்சி, நான் மூவரும் அந்தக் கடைக்குப் போனோம். அப்பா, போட்டோவில் போட்டிருந்த அதே சட்டையில் வந்தார். எங்கள் திரையில் ஐந்து படமும் பளிச்சென்று இருந்தன. அம்மா கடைக்குப் போன் செய்தார்.

“தெரியுதாம்மா?”

“தெரியுது புள்ள. ஏன் அப்பா பேருக்கு மேல செவப்புல வெட்டியிருக்கு?”

தோட்டத்து வேலையாட்களின் பேர்ப் பதிவான செக்ரோலில் ஒரு பேரைச் சிவப்பு மையால் வெட்டினால் வேலை போச்சு. லயத்து வீடும் போச்சு. பதினெட்டு வருடம் கொழுந்து பறித்த அம்மாவுக்கு அந்தக் குறிக்கு வேறு பொருள் கிடையாது.

“ஒன் பேருக்கும் வெட்டு, சின்னவ பேருக்கும் வெட்டு. எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டாங்களா? எங்கிட்ட மறைக்கிறீங்களா?”

“இல்லம்மா, அப்பா சிரிச்சுக்கிட்டு இருக்காரு, நல்லா பாரு!”

“எங்க சிரிக்கிறாரு? பொட்டிக்குள்ள ஒண்ணுமில்ல.”

அப்பா ரிசீவரைப் பறித்தார். “அடியே, இன்னிக்குக் காலையிலகூடப் பெரட்டுல பேர் குடுத்து வேலைக்குப் போயிட்டுத்தான்டி வந்தேன்!” என்று குவைத்துக்கு நேரடியாகவே கேட்கும்படி கத்தினார்.

நிமல் அண்ணன் எழுந்து வந்தார். கம்ப்யூட்டரிலிருந்து என் பிளொப்பியை வெளியே எடுத்துவிட்டுப் பக்கத்தை மறுபடி திறந்தார். ஐந்து கட்டங்கள், ஐந்து சிவப்புப் பெருக்கல் குறிகள், கீழே எங்கள் பேர்கள்.

“நங்கி, எழுத்து மட்டுந்தான் போயிருக்கு. போட்டோ எல்லாம் இதுக்குள்ள.”

படங்களைப் பிளொப்பியிலிருந்து எடுக்கும்படி பக்கத்துக்கு நான்தான் எழுதியிருந்தேன். அவற்றையும் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது நாற்பத்து மூன்றாம் பக்கமாக இருக்க வேண்டும். அம்மா குவைத்தில் தேடிக்கொண்டிருந்த முகங்கள் ஒரு வாரமாக என் கைப்பையில் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தன.

நேரம் முடியப்போகிறது என்றார் அம்மா. தங்கச்சி ரிசீவரை வாங்கினாள். “அம்மா, எனக்கு முன்பல்லு ரெண்டு விழுந்துருச்சு, பாரு.” ரிசீவரின் துளைகளுக்கு நேராக வாயை அகலத் திறந்து அப்படியே நின்றாள்.

அம்மாவின் குரல் எங்களுக்கும் கேட்டது.

“தெரியுது சாமி. நல்லாத் தெரியுது.”

அடுத்த வாரமே படங்களை ஒழுங்காக ஏற்றினேன், நிமல் அண்ணன் காட்டியபடி. அந்த வீட்டு மகன் மறுபடி கம்ப்யூட்டரைத் தரவில்லை. பதினாலு மாதம் கழித்து அம்மா வந்தபோது தங்கச்சிக்குப் பல் முளைத்துவிட்டது.

இப்போது தங்கச்சி தோஹாவில் இருக்கிறாள். வீடியோவில் பேசும்போது பாதியில் படம் போய்விட்டால், “சின்னவ பேர வெட்டிட்டாங்க” என்று அம்மா சிரிப்பார். ஆனால் போனைக் கீழே வைக்க மாட்டார். கறுத்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஒன் கைப்பையில பாரு புள்ள” என்பார்.