மூக்குக்கு வந்த போட்டி

ஆறு பாட்டில்களின் கழுத்திலும் நூல் இல்லை.

விநாயகம் ரசாயனக் கழிவு வைக்கும் அறையின் கதவைச் சாத்திவிட்டு மறுபடி எண்ணினார். ஆறும் மொட்டைக் கழுத்து. நேற்று மாலைவரை சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று ஒவ்வொன்றிலும் ஒரு நூல் இருந்தது.

கதவைத் திறந்து தலையை நீட்டினார். "நாகம்மா! பாட்டில்ல கட்டியிருந்த நூலெல்லாம் எங்க?"

தாழ்வாரம் பெருக்கிக்கொண்டிருந்த நாகம்மாள் நிமிர்ந்தாள். "அதுவா? நைஞ்சு போயிருந்துச்சு சார். சீட்டு ஒட்டியாச்சு, இனிமே நூல் வேணாம், எடுத்துடுன்னு அன்புக்கரசி மேடம்தான் சொன்னாங்க."

மேடம் சொன்னார்களாம். விநாயகம் கதவை அறைந்து சாத்தினார்.

செஞ்சிக்கு வெளியே இருந்த அந்தக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் அவர் பத்தொன்பது வருடமாக உதவியாளர். ஆராய்ச்சி மாணவர்கள் பெயர் எழுதாமல் விட்டுப்போகும் மிச்சங்களை எல்லாம் மூடியைத் திறந்து மோந்தே சொல்லிவிடுவார். இது அமிலம், இது அசிட்டோன், இதைத் தொடாதே. 'விநாயகம் மூக்கு' என்றால் கல்லூரிக்கே தெரியும்.

கொரோனாக் காய்ச்சலில் அந்த மூக்கு செத்துப்போனது. பக்கத்தில் கருவாடு வறுத்தாலும் தெரியாது. அதை மனைவி சுந்தராம்பாளிடம்கூட அவர் சொல்லவில்லை. அவளுடைய தையல் பெட்டியிலிருந்து நூல் மட்டும் எடுத்துக்கொண்டார். மாணவன் பாட்டிலோடு வரும்போதே பேச்சுக் கொடுத்து, உள்ளே என்ன என்று கறந்துவிடுவார். அமிலத்துக்குச் சிவப்பு நூல், தீப்பிடிப்பதற்குக் கறுப்பு, நஞ்சுக்கு மஞ்சள். பிறகு யாராவது கேட்டால், கண்ணால் நூலைப் பார்த்துக்கொண்டு மூக்கால் ஒரு இழுப்பு. மூக்கின் புகழ் குறையவில்லை.

மூன்று மாதம் முன்பு வேதியியல் துறைக்கு ஆசிரியையாக அன்புக்கரசி வந்தாள். ஆராய்ச்சிப் படிப்பு முடித்தவள். வந்த அன்றே சுவரில் எழுதி ஒட்டினாள்: 'எதையும் மோந்து பார்க்காதீர்.'

அதற்குப் பிறகு முதல்வர் இளையபெருமாள் எதற்கெடுத்தாலும், "அன்புக்கரசியக் கேட்டுக்கங்க" என்றார். நாகம்மாள்கூட முதல் கிளாஸ் டீயை அவள் மேசையில் வைத்தாள். பத்தொன்பது வருடமும் முதல் கிளாஸ் விநாயகத்தினுடையது. இரண்டாவது கிளாஸ் அதே கெட்டிலிலிருந்துதான் வந்தது. ஆனால் இறங்கவில்லை.

இன்று சென்னையிலிருந்து ஆய்வாளர் வருகிறார். கூடவே கழிவை எடுத்துப்போக லாரியும். அவர் போனதும் கதவில் ஒரு போர்டு மாட்டப்போகிறார்கள். 'கழிவுப் பாதுகாப்புப் பொறுப்பாளர்' என்று எழுதி, கீழே பெயருக்கு இடம் விட்டு, நேற்று அது முதல்வர் அறையில் சுவரோரம் நின்றதை விநாயகம் பார்த்தார். அந்த இடத்தில் தன் பெயரை மனசுக்குள் எழுதியும் பார்த்தார். சரியாகப் பொருந்தியது.

பாட்டில்களைப் பார்த்தார். சீட்டுகளில் பெரிய எழுத்தில் அமிலம், எரியும் திரவம், நஞ்சு என்று இருந்தது. அடியில் பொடி எழுத்தில் இன்னும் ஏதோ. கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். இவள் எழுத்தைக் கண்ணாடி போட்டு வேறு படிக்க வேண்டுமா?

சீட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் அவள் சீட்டைப் படித்து இவர் சொன்னால் பெருமை யாருக்கு?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சீட்டில் உள்ளதை வரிசைப்படி இடது உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டார். பிறகு ஆறு சீட்டையும் உரித்து மாற்றி ஒட்டினார். சீட்டு பொய் சொல்லும், மூக்கு மெய் சொல்லும். காலடிச் சத்தம் கேட்டதும் கடைசி மூன்றைக் கைக்கு வந்தபடி ஒட்டினார்.

அன்புக்கரசி எட்டிப் பார்த்தாள். "அண்ணா, கண்ணாடி கொண்டாரலியா? உங்களுக்கு ஒண்ணு காட்டணும்."

"அப்புறம் பாக்கலாம் மேடம்."

பின்னாலேயே முதல்வரும் ஆய்வாளர் ராஜாங்கமும் வந்தார்கள். லாரி ஆள் ஒரு நீல டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

"மோந்தே சொல்றவரு இவருதானா?" என்றார் ராஜாங்கம்.

"எங்க காலேஜுக்கே பெருமை சார்" என்றார் முதல்வர்.

விநாயகம் தொண்டையைக் கனைத்தார். "சொல்ல வேணாம்னுதான் சார் பார்த்தேன். மனசு கேக்கல. இந்தச் சீட்டெல்லாம் தப்பு."

அன்புக்கரசியின் முகம் வெளுத்தது. "அண்ணா, நான் எல்லாத்தையும்..."

"படிச்சா மட்டும் போதுமா மேடம்? அனுபவம் வேணாமா?"

"அப்ப நீங்களே சொல்லுங்க" என்றார் ராஜாங்கம். "ஆனா மோந்து பாக்கக் கூடாது. மொதல்ல கிளவுஸ் போடுங்க."

மோந்து பார்க்கக் கூடாது என்றதில் விநாயகத்துக்குச் சந்தோஷம்தான். கையுறையில்தான் இடித்தது. "எனக்கு அது ஒத்துக்காது சார். அரிக்கும்."

"போடாம தொட்டீங்கன்னா இப்பவே ரிப்போர்ட்ல எழுதிடுவேன்."

போட்டார். ரப்பர் உறைக்குள் கை வேர்த்தது. "ஒரு நிமிஷம் சார், ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று ஓடினார். கழிப்பறையில் உறையைக் கழற்றினார். உள்ளங்கை முழுக்க ஒரே நீலம். ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.

ஜன்னல் வழியே ராஜகிரிக் கோட்டை தெரிந்தது. அத்தனை படியையும் ஏறிப்போய் மேலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

திரும்பி வந்து, உறை போடாததால் தொடாமல் தள்ளி நின்று, குத்துமதிப்பாக மூன்றாவது பாட்டிலைக் காட்டினார். "இது நஞ்சுன்னு ஒட்டியிருக்குது. கெடயாது. அசிட்டோன்."

"உறுதியா?"

"பத்தொம்பது வருஷம் சார்."

லாரி ஆள், "அசிட்டோன்தானே, இந்த டிரம்தான்" என்று மூடியைத் திறந்து பாட்டிலைச் சரித்தான்.

"ஊத்தாதீங்க!" அன்புக்கரசி பாய்ந்து பாட்டிலைப் பிடித்தாள். ஒரு சொட்டு எடுத்து லிட்மஸ் தாளில் வைத்தாள். நீலத்தாள் சட்டென்று சிவந்தது. "அமிலம். இங்க இருக்கற அமிலமெல்லாம் நைட்ரிக்தான். இது அசிட்டோன்ல விழுந்திருந்தா இந்த ரூமே இருந்திருக்காது சார்."

லாரி ஆள் டிரம்மை விட்டு நாலு அடி பின்னால் போய் நின்றான்.

"சீட்டு நஞ்சுங்குது, இவரு அசிட்டோன்ங்கறாரு, தாளு அமிலம்ங்குது" ராஜாங்கத்தின் குரல் ஏறியது. "மூணும் மூணு சொல்லுது! யாருய்யா இதுக்குப் பொறுப்பு?"

விநாயகத்துக்கு ஒரு கதவு திறந்தது. நுழைந்துவிட்டார்.

"நான் என்ன சார் பண்ணுவேன், அந்தச் சீட்டுதான் என்னைக் கொழப்பிடுச்சு. அதுல யார் பேரு இருக்குதோ அவங்கதான் பொறுப்பு. அந்தப் பேரை எழுதிக்குங்க, மெமோ குடுங்க. அந்த ஆளு கதவுல மாட்டற போர்டுக்கு லாயக்கில்ல சார்."

அன்புக்கரசி சீட்டுகள் ஒட்டியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓரங்கள் மடங்கி, கோணலாக இருந்தன. பிறகு விநாயகத்தின் நீலக் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சீட்டுல பேரு இருக்குதா?" என்றார் முதல்வர்.

வாசலில் துடைப்பத்தோடு நின்ற நாகம்மாள்தான் பதில் சொன்னாள்.

"இருக்குது சார். மேடம் ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டு, அண்ணன் கட்டுன நூலு ஒண்ணுகூடத் தப்பலன்னு, ஆறுலயும் அடியில 'கண்டறிந்தவர் விநாயகம்'னு அவரு பேரைத்தான் போட்டாங்க. போர்டுலயும் அதையே எழுதச் சொல்லிட்டாங்க."