பெருங்கால் பெயிண்டர்

ஒருவர் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்காமல் பம்பாயில் ஆயுளை ஓட்டிவிட முடியும் என்று நிரூபித்த ஒரே மனிதர் பெருங்கால் பெயிண்டர்தான். அவருடைய சொந்தக் கால் சின்னது. அதில் எப்போதும் நீலப் பெயிண்ட் ஒட்டியிருக்கும். ஆனால் யாரை வரைந்தாலும் பாதம் பூசணிக்காய் அளவில் தொடங்கும். மேலே போகப் போகச் சுருங்கி, தலை எலுமிச்சம்பழமாகிவிடும்.

அறுபதுகளில் தாராவியில் எங்கள் சந்துக் கடைகளுக்கெல்லாம் அவர்தான் போர்டு எழுதினார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். உருவம் என்றால்தான் வம்பு.

சலூன்காரர் ஒருநாள் மல்லுக்கு நின்றார். “முடிவெட்டுத கடைக்குத் தலதான்வே முக்கியம். இதுல தலையையே காணுமே?”

“வெட்டுன பொறவு சின்னதாத்தான இருக்கும்” என்றார் பெயிண்டர்.

பக்கத்துச் செருப்புக் கடை மராட்டிக்காரர் மட்டும் தன் போர்டைப் பார்த்து, “ஏக்தம் பரோபர்”, ரொம்பச் சரி என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த வருஷம் அம்மன் கொடைக்குப் பந்தலில் கட்டப் பெரிய அம்மன் படம் வேண்டுமென்றார் விழாத் தலைவர். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெயிண்டர் பெயரைச் சொல்லிவிட்டேன்.

தலைவர் அவரைக் கூப்பிட்டுவிட்டார். “அம்மனுக்கு மொகம் சரியா வரலன்னா, இந்தச் சந்துல உமக்கு இனி ஒரு போர்டும் கெடையாது, பாத்துக்கிடும்.”

பெயிண்டருக்கு வேறு தொழில் தெரியாது. “வந்துரும்” என்றார், தலைவரின் செருப்பைப் பார்த்தபடி.

கொடையன்று காலையில் மூடியிருந்த துணியை விலக்கினார்கள். படத்தின் பாதி உயரத்துக்கு இரண்டு பாதங்கள். வலது கால் மெட்டி லேசாக நசுங்கியிருந்தது. முகம் எங்கோ உச்சியில், அதே எலுமிச்சம்பழம்.

“என்னவே இது, அம்மனா, ரெண்டு தூணா? அவுத்துப் போடும்” என்று தலைவர் சொல்லி முடிப்பதற்குள் பெண்கள் மஞ்சள் குங்குமத்தோடு வந்துவிட்டார்கள். மற்றப் படங்களில் நாலு பேர் பொட்டு வைத்தாலே அம்மன் பாதம் மறைந்துவிடும். இதில் சந்து முழுக்க வைத்தும் இடம் மிச்சமிருந்தது. வரிசை தெருமுனை வரை போனது. மத்தியானம் தலைவரும் வரிசையில் நின்றார். பொட்டு வைத்த கையோடு தன் கடைக்கும் ஒரு போர்டு சொன்னார்.

“ஏன் அண்ணாச்சி, எல்லாருக்கும் கால மட்டும் இம்புட்டுப் பெருசாப் போடுதிய?” என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

“நாலு வயசுல ஊர்க் கொடையில தொலஞ்சு போயிட்டேன், தம்பி. கூட்டத்துல எனக்குத் தெரிஞ்சது பூராவும் காலுதான். நசுங்குன மெட்டியத் தேடித் தேடித்தான் எங்க அம்மையக் கண்டுபிடிச்சேன்.”

பிரஷ் கழுவப் போய்விட்டார்.

சில வருஷத்தில் யாரிடமும் சொல்லாமல் எங்கோ குடிபோனார். அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. தாதர் ஸ்டேஷன் கூட்டத்தில் நிற்கும்போதெல்லாம் இன்னமும் தலையைக் குனிந்து, நீலப் பெயிண்ட் ஒட்டிய சின்னக் கால்களைத் தேடுகிறேன்.