ஒரு துளி அமீன்

இருட்டறையில் கண்ணாடிக் குப்பியை வைத்துவிட்டு நிமிர்ந்த மூக்கனுக்குக் குப்பென்று மீன் வாடை அடித்தது.

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் மீன் வாடை வந்தால் யாருக்கும் பசிக்காது. மீன் நாற்றமடிக்கும் அமீன் என்ற ரசாயனம் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். முகர்ந்தே புட்டியின் பெயரைச் சொல்லிவிடுவான் என்பதால்தான் இந்த ஆய்வு மாணவனுக்கு மூக்கன் என்று பட்டப்பெயர். குப்பியில் இருந்தது வெண்ணெய் மணக்கும் ஒரு கார்போனில் சேர்மம். ஒளி பட்டால் கிளர்ந்து பச்சையாக ஒளிரும். அமீன் பக்கத்தில் வந்து ஒரு எலக்ட்ரானை நீட்டினால் அப்படியே அடங்கிப்போகும். இன்று வெளித் தேர்வாளர் முன்னால் அது முதலில் ஒளிர வேண்டும். அவன் அமீன் விட்ட பிறகுதான் அணைய வேண்டும். அமீன் முந்திக்கொண்டு உள்ளே நுழைந்தால் பட்டம் கோவிந்தா.

குப்பிகளையெல்லாம் தேய்த்துக் கழுவினான். வாடை போகவில்லை. கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினான். அதற்கும் அசையவில்லை. சன்னல்களைத் திறந்துவிட்டான். காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் அந்த ஒளிர்வுக்கு எமன் என்பது திறந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நைட்ரஜனைக் குமிழிகளாக விட்டு அதை விரட்டி, குப்பியை மூடி முடித்தபோது சிலிண்டர் காலி. வாடை மட்டும் முன்னைவிட அதிகம்.

மோப்பம் பிடித்துக்கொண்டே வராந்தாவுக்கு வந்தான். மடிப்புக் கலையாத சட்டையோடு ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாடை அவர்மேல்தான். ரசாயனம் கொண்டுவரும் ஆள், புட்டியை உடைத்துத் தன்மேல் கொட்டிக்கொண்டார் என்று முடிவுகட்டினான்.

"சார், அசையாதீங்க. உங்க மேல அமீன் கொட்டியிருக்கு."

"அதெல்லாம் இல்ல தம்பி. அது வந்து..."

"பேசாதீங்க. தோல் வெந்துடும்."

அவசரக் குளியல் குழாய்க்கு அடியில் அவரை நிறுத்திச் சங்கிலியை இழுத்தான். தண்ணீர் குடம் குடமாகக் கொட்டியது. நகரப் பார்த்தவரைத் தோளைப் பிடித்து அமுக்கினான். சட்டையைக் கழற்றி ஒரு பையில் போட்டுக் கட்டினான். பாதுகாப்பு விதிகளில் ஒன்றைக்கூட விடவில்லை.

சத்தம் கேட்டுப் பேராசிரியர் ஓடிவந்தார். வந்ததும் அலறினார்:

"டேய், தேர்வாளரை என்னடா பண்ணிட்டிருக்கே?"

மூக்கன் தண்ணீரை நிறுத்தினான். பாவம், இத்தனை வருடப் படிப்பும் ஒரே சங்கிலி இழுப்பில் போயிற்று.

தேர்வாளர் அவனுடைய வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, வெடவெடவென்று நடுங்கியபடி இருட்டறைக்குள் வந்தார். கரைசல் பச்சையாக ஒளிர்ந்தது. மூக்கன் ஊசியால் ஒரு துளி அமீன் விட்டான். அணைந்தது. அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. துண்டு கொண்டுவரச் சொல்லிப் பேராசிரியரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவனைக் கையமர்த்தி, தன் போனை நீட்டினார்.

"பட்டத்த விடுங்க தம்பி, அது ஒளிர்ந்தப்பவே உங்களுக்குத்தான். பொரிச்ச மீனைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார், நான் வழியில ஒரு கடைல புகுந்துட்டேன்; என் சட்டைல வர்றது அமீன் நாத்தம்தான்னு எங்க வீட்டம்மாகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."